ஆயிரம் மடங்கு குறைவாம்! உலரவைத்தா, ஈரத்தோடா?

குளக்கட்டு:
நேற்று பரந்தன் தோட்டக்காரன் இங்கே எழுதியதைப் படித்ததில் இருந்து எனக்குத் தலை இடிக்கிறது. மலக்குழியில் இருந்து பவுசர் என்கிற தாங்கி லொறிக்காரர் இறைத்த சேற்றைக் கத்தரித் தோட்டத்துக்கு விட்டாராம், ஒரு போத்தலில் எடுத்துப் படமும் போட்டு ஆய்வுகூடத்துக்கும் அனுப்பினாராம், கட்மியம் என்கிற நச்சு உலோகம் லீற்றருக்கு 0.08 மில்லிகிராம் என்று அறிக்கை வந்ததாம். வயலில் போடும் கழிவுநீர்ச் சேற்றில் அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டு விதி கட்மியத்தைக் கிலோவுக்கு 85 மில்லிகிராம் வரை விடுகிறதாம், ஆகவே "ஆயிரம் மடங்கு குறைவு, பயப்படாமல் பாவியுங்கள்" என்று முடித்திருக்கிறார். ஐயா, அந்த 85 காய்ந்த சேற்றுக்கு. உங்கள் 0.08 தண்ணீரும் சேறும் கலந்த கஞ்சிக்கு. உலரவைத்தீர்களா?

பரந்தன் தோட்டக்காரன்:
வணக்கம். நான் வாத்தியார் இல்லை, கமக்காரன். அறிக்கையில் இருந்ததைத்தான் எழுதினேன். பக்கத்து வளவுக்காரரும் நானும் காசு சேர்த்து அனுப்பினோம். நீங்கள் இதுவரை எத்தனை போத்தல் அனுப்பியிருக்கிறீர்கள்?

குளக்கட்டு:
நான் அனுப்பிய கதை பிறகு. கணக்குக்கு வாருங்கள். நூறு பங்கு சேற்றில் இரண்டு பங்குதான் திண்மம் என்று வைத்துக்கொள்வோம், மற்றதெல்லாம் தண்ணீர். அப்படியென்றால் ஒரு லீற்றரில் 20 கிராம். அந்த 20 கிராமுக்குள் 0.08 மில்லிகிராம் இருந்தால் கிலோவுக்கு 4 மில்லிகிராம். ஆயிரம் மடங்கு எங்கே? இருபத்தொரு மடங்கு! 105 பாகையில் காயவைத்து நிறுக்காமல் இந்த ஒப்பீட்டுக்கே வரக்கூடாது.

பரந்தன் தோட்டக்காரன்:
சரி, நாலு. அப்போதும் எல்லைக்குள்தானே?

குளக்கட்டு:
அதையா கேட்டேன்? ஆயிரம் என்று எழுதியது யார்?

முறிகண்டிப் பிள்ளை:
நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள், இரண்டு பேரும் கோபிக்கவேண்டாம். உலரவைத்தார்களா என்பதற்கு முன்னால், அமிலத்தில் காய்ச்சினார்களா வெறுமனே வடிகட்டினார்களா என்று கேளுங்கள். கட்மியம், ஈயம் எல்லாம் பெரும்பாலும் சேற்றுத் துகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். வடித்த தெளிவில் அளந்தால் எந்தச் சேறும் நல்ல பிள்ளைதான். அப்புறம் அந்தப் படத்தில் மாதிரி இருப்பது சோடாப் போத்தலிலா? அமிலத்தால் கழுவிய பிளாஸ்ரிக் போத்தலில் எடுக்கவேண்டும். சோதிக்க எடுத்தது தண்ணீர் என்றால் நைத்திரிக் அமிலம் விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 2க்குக் கீழே கொண்டுவந்து வைப்போம்.

பரந்தன் தோட்டக்காரன்:
தங்கச்சி, போத்தலை மூன்று தரம் கழுவித்தான் எடுத்தோம்.

முறிகண்டிப் பிள்ளை:
எதால்?

பரந்தன் தோட்டக்காரன்:
கிணற்றுத் தண்ணீரால்.

குளக்கட்டு:
ஹாஹா. கிணற்றுத் தண்ணீரால் கழுவிய சோடாப் போத்தலை வைத்து அமெரிக்கச் சட்டத்தோடு மல்லுக்கட்டுகிறார். ஆனால் தங்கச்சி, போத்தலை விடுங்கள், விசயம் உலர் எடை.

சூரிச் சித்தப்பா:
இங்கே சுவிசில் 2006 தொடக்கம் கழிவுநீர்ச் சேற்றை வயலில் போடவே விடுவதில்லை, எரிக்கிறார்கள். அமெரிக்காவில் மேய்ன் மாநிலமும் 2022இல் தடுத்துவிட்டது, அதுவும் கட்மியத்துக்காக அல்ல, பிஃபாஸ் என்கிற இரசாயனக் கூட்டத்துக்காக. ஒட்டாத தாச்சி, தண்ணீர் ஒட்டாத துணி, தீயணைக்கும் நுரை எல்லாவற்றிலும் அது பாவிக்கப்பட்டது, இலேசில் அழியாது. 2024இல் அமெரிக்கா குடிநீருக்கு வைத்த எல்லை, அதில் இரண்டு வகைக்கு, லீற்றருக்கு 4 நானோகிராம்! நீங்கள் தேடாத நஞ்சு அறிக்கையில் எப்படி வரும்?

பரந்தன் தோட்டக்காரன்:
சித்தப்பா, அங்கே எரிக்க ஆலை இருக்கிறது. இங்கே பவுசர் இருட்டியதும் காட்டுக்கரையில் கவிழ்த்துவிட்டுப் போகிறது. நான் தோட்டத்துக்கு எடுத்ததுதான் குற்றமா? 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தி எங்களைத் தெருவில் விட்டபோது நீங்கள் சூரிச்சில் இருந்து ஒரு அந்தர் யூரியா அனுப்பினீர்களா?

சூரிச் சித்தப்பா:
நான் அனுப்பிய காசில்தான் உங்கள் ஊரில் பாதிக் கிணறு கட்டினது.

குளக்கட்டு:
இரண்டு பேரும் சொந்தக்கதையைப் பிறகு பேசுங்கள். உலரவைத்தீர்களா?

செட்டிகுளத்தான்:
எங்கள் பக்கம் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பம் அழிந்தது, இங்கே எடைக்குச் சண்டை. 2015இல் கிளைபொசேற்று என்கிற களைகொல்லியைத் தடை செய்தார்கள், பிறகு தளர்த்தினார்கள், நோய்க்குக் காரணம் இதுதான் என்று இன்றுவரை ஒருவரும் அறுதியாகச் சொல்லவில்லை. கட்மியம் என்று கத்துகிறவர்கள் வயலுக்குப் போடும் ரி.எஸ்.பி. என்கிற பொஸ்பேற்றுப் பசளையைப் பரிசோதித்தார்களா? அதைச் செய்யும் பொஸ்பேற்றுப் பாறையிலேயே கட்மியம் இருக்கிறது.

குளக்கட்டு:
அதையும் உலரவைத்துத்தான் நிறுக்கவேண்டும் அண்ணை.

முறிகண்டிப் பிள்ளை:
கட்மியத்தை விடுங்கள், பச்சைச் சேற்றை மரக்கறிக்கு விட்டால் குடற்புழு முட்டை வருமே, அதை யாராவது பார்த்தீர்களா?

நல்லூர் மணி:
வன்னிக்காரர் இப்படித்தான், எதையும் பார்க்கமாட்டார்கள். பி.ஓ.டி., அதுதான் கழிவு அழுக எடுக்கும் ஒட்சிசன் அளவு, அதைச் சோதித்தாலே போதும், லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் சுத்தம்.

முறிகண்டிப் பிள்ளை:
அண்ணை, 30 என்பது கழிவுநீரைக் குளம், ஆறுகளில் விடுவதற்கு 2008 வர்த்தமானி வைத்த எல்லை. அழுகும் பொருள் எவ்வளவு என்றுதான் அது காட்டும். ஈயம் அழுகாது.

செட்டிகுளத்தான்:
மணியர், உங்கள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது பி.ஓ.டி. பார்த்தீர்களா?

நல்லூர் மணி:
அதற்காகத்தானே கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் கொஞ்சம் தண்ணீர் கேட்டோம். தரமாட்டோம் என்று குறுக்கே நின்றவர்கள் யார்?

பரந்தன் தோட்டக்காரன்:
குறுக்கே நின்றோம், இனியும் நிற்போம். சிறுபோக நெல்லுக்கே காணாத குளம். தாளையடியில் கடலைச் சுத்திகரித்துத் தருகிறார்களே, குடியுங்கள். இன்னொன்று, என் மருமகன் தேடிப் பார்த்தான்: ஐரோப்பாவின் 1986 விதியில் கட்மியத்துக்குக் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை. குளக்கட்டார் சொன்ன நாலு அதற்கும் கீழே.

குளக்கட்டு:
அந்த 20உம் உலர் எடைக்கு. ஆக, உலர் எடை என்பதை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்!

பரந்தன் தோட்டக்காரன்:
நான் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. நாலு உங்கள் கணக்கு, என் அறிக்கையில் 0.08.

குளக்கட்டு:
எதற்கு 0.08? ஈரத்துக்கு!

வற்றாப்பளை வெயில்:
பவுசர்காரரின் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா? எங்கள் குழி நிறைந்துவிட்டது.

சூரிச் சித்தப்பா:
குளக்கட்டு தம்பி, நீங்கள் எத்தனை போத்தல் அனுப்பினீர்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டாரே, அதற்குப் பதில் வரவில்லை.

குளக்கட்டு:
முதலில் அவர் "ஆயிரம் மடங்கு" என்பதை அழிக்கட்டும்.

பரந்தன் தோட்டக்காரன்:
அழிக்கமாட்டேன். நாளைக்குக் கத்தரி பிடுங்குகிறோம், ஒரு பை உங்கள் வீட்டுக்கும் அனுப்புகிறேன். உலரவைத்து நிறுத்துப் பாருங்கள்.