அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸ்: ஊரில் இருக்கும் சொந்தங்களால் அண்ணாவுக்குச் சிக்கல் வருமா?

கொட்டகலைத் தம்பி:
அண்ணா அமெரிக்கப் பிரஜாவுரிமை எடுத்துவிட்டார். இப்போது அங்கே பாதுகாப்புத் துறைக்கு மென்பொருள் செய்யும் கம்பெனியில் வேலை, அரசாங்க இரகசியங்களைப் பார்க்க அனுமதிக்கும் செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கு எஸ்எப்-86 என்று நூறு பக்கத்துக்கு மேல் ஒரு படிவம் நிரப்பவேண்டுமாம். இங்கே இலங்கையில் அம்மா தோட்டத்து லயத்தில், அக்கா அரசாங்கப் பாடசாலையில் டீச்சர், அத்தான் பொலிஸ், சித்தப்பா குடும்பம் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய் கூடலூரில். அத்தானைப் பற்றி எழுதாதே என்று யாரோ சொல்லி அண்ணாவைக் குழப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பண்டாரவளை_மேரிலண்ட்:
எழுதாமல் விட்டால்தான் வம்பு. வெளிநாட்டுச் சொந்தம் இருப்பது குற்றமில்லை, தெரிந்தே பொய் எழுதினால் ஐந்து வருடம் வரை சிறை. அம்மா, அக்கா பெயர் கட்டாயம் வரும், அக்கா அரசாங்கத்தில் வேலை செய்வதையும் கேட்பார்கள். அத்தானும் சித்தப்பாவும் படிவம் கேட்கும் உறவினர் பட்டியலில் இல்லை, ஆனால் கடந்த ஏழு வருடத்தில் நெருங்கிய தொடர்போ தொடர்ச்சியான தொடர்போ இருந்தால் வேறு பகுதியில் எழுதவேண்டும், வாட்ஸ்அப் பேச்சும் தொடர்புதான். கிளியரன்ஸ் கொடுப்பவர்கள் பார்ப்பது இந்தச் சொந்தங்களை வைத்து யாராவது உங்கள் அண்ணாவை மிரட்டவோ வளைக்கவோ முடியுமா என்பதைத்தான், அதனால் எந்த நாடு, எவ்வளவு நெருக்கம், அவருடைய வீடு, பிள்ளைகள், சேமிப்பு எல்லாம் அமெரிக்காவில்தானா என்று சேர்த்து எடைபோடுவார்கள்.

டிக்கோயா அக்கா:
தம்பி, முதலில் அம்மாவின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்துப் பதிவுகளில் பெயர் ஒரு மாதிரி, திகதி இன்னொரு மாதிரி இருப்பது நமக்குப் புதிதா என்ன. அண்ணா ஒன்றை எழுதி, பிறகு விசாரிக்க வருபவரிடம் வேறொன்றைச் சொல்லக்கூடாது. அம்மாவின் பிரஜாவுரிமை, இந்திய வம்சாவளியினருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுத்த 2003 சட்டத்தில்தான் கிடைத்தது என்றால் அந்தக் கடதாசியையும் தேடி எடுங்கள்.

கொட்டகலைத் தம்பி:
நன்றி அக்கா. லயத்து வீடு எங்கள் பெயரில் இல்லை, அதனால் சொத்துக் கேள்வி வராது என்று நினைக்கிறேன். ஆனால் ஹட்டனில் அம்மாவுக்குப் பத்து பேர்ச்சஸ் காணி வாங்கித் தருவதாக அண்ணா சொல்கிறார். மாதாமாதம் காசும் அனுப்புகிறார்.

பண்டாரவளை_மேரிலண்ட்:
வெளிநாட்டில் இருப்பவருக்குக் காசு அனுப்புவதையும் படிவம் கேட்கும், பேங்க் ரசீதுகளை வைத்திருக்கச் சொல்லுங்கள். காணி அண்ணா பெயரில் வந்தால் அதையும் காட்டவேண்டும், ஆனால் அமெரிக்காவில் இருக்கும் சொத்தோடு ஒப்பிட்டால் இது சின்னதென்று தெரிந்தால் பெரிதாக எடுக்கமாட்டார்கள். கிளியரன்ஸ் மறுக்கப்பட்டால் கம்பெனி ஆட்களுக்கான மேல்முறையீடுகளை விசாரிப்பது டோஹா (DOHA) என்ற பாதுகாப்புத் துறை அலுவலகம். தீர்ப்புகளைப் பெயர் நீக்கி இணையத்தில் போடுகிறது, வெளிநாட்டுச் செல்வாக்கு பற்றிய வழக்குகளை அண்ணா நாலைந்து வாசிக்கட்டும்.