நாய்க்கு உடம்பு நீவுவதற்குத் தமிழில் என்ன பெயர்? வியாழனுக்குள் வேண்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து:
நம் கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம். வயதான நாய்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்த் திடலுக்கு விலங்கு மருத்துவர் வருகிறார். ஒரு பக்கத் துண்டறிக்கையின் தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. மலாய்ப் பகுதியில் ‘உருத்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். நான் தலைப்பிலேயே நிற்கிறேன்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் நாள் முழுக்க ஓடித் திரியும் நாய்க்கும், லயத்து வாசலில் எழுந்து நிற்கவே தடுமாறும் கிழ நாய்க்கும் கையால் உடம்பைத் தளர்த்திவிடுவதுதான் விஷயம். மூட்டுத் தேய்மானம் இதனால் சரியாகாது. ஆனால் நல்ல நாயே சுமார் 60 விழுக்காட்டு எடையை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. இடுப்பு வலித்தால் மீதிப் பாரத்திலும் ஒரு பங்கை முன்னே தள்ளும். தோளும் கழுத்தும் கட்டையாக இறுகிவிடும். அந்த இறுக்கத்தைத்தான் கை தணிக்கிறது. ‘நாய்ப்பிடி’ என்று எழுதினால் நகராண்மைக் கழக வண்டி வருகிறதென்று கதவைச் சாத்திவிடுவார்கள். ‘பிடிப்பு’ என்றாலோ நோயின் பெயராகிவிடும்.

கூலிமிலிருந்து:
ஐயா, சொல் நம்மிடம் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில், கையால் உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் உட்பட அதற்குள்ளேயே 9 வகை உண்டு. நாய்க்கு ‘ஞமலி’ என்று பட்டினப்பாலை காலத்திலிருந்தே பெயர். ‘ஞமலித் தொக்கணம்’ என்று எழுதுங்கள். புரியாது என்பார்கள். புழங்கப் புழங்கத்தானே புரியும்? ‘செம்பனை’யும் ஒரு காலத்தில் புதுச்சொல்தான்.

சிகாமட்டிலிருந்து:
பெரியவர் மன்னிக்க வேண்டும். நான் தோட்டத்தில் பிறந்தவள். பிள்ளை பெற்றவளுக்கு உருவி விடுவார்கள், சுளுக்குக்கு உருவி விடுவார்கள். நாய்க்கு மட்டும் ஏன் ஞமலி? ‘உருவல்’ போதும். மலாய் ‘உருத்’கூட நம் ‘உருவு’, ‘உருட்டு’ வழியே போனதாகத்தான் இருக்கும்.

ஈப்போவிலிருந்து:
தங்கச்சி, ஓசை ஒத்துப்போனால் வேரும் ஒன்றாகிவிடாது. ‘உருட்டு’ உருளையோடு சேர்ந்தது. ‘உருத்’ தசையை அழுத்தி வழிப்பது. கடன் வாங்கிய காலமும் வழியும் காட்டாமல் அதைத் தமிழாக்க வேண்டாம். மேலும், கத்தியை உருவுகிறோம், இலையை உருவுகிறோம். அதில் பறித்தெடுக்கும் சாயல் இருக்கிறது.

‘நீவல்’ என் முன்மொழிவு. நீவுதலுக்குக் கடத்தல், மீறல் என்றும் பழம்பொருள் உண்டு. ‘நீவி’ ஆடையின் பெயருமாகும். இருந்தாலும் பேச்சில் நிலைத்தது தடவும் பொருள்தான். இலக்கணத்தில் ஒரு முள் இருக்கிறது: ‘நாய்க்கடி’யில் கடிப்பது நாய், ‘நாய் நீவலி’ல் நீவப்படுவது நாய். ‘பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டு’ போல இதையும் இரண்டாம் வேற்றுமைத்தொகையாகக் கொள்ளலாமா?

கூலிமிலிருந்து:
நீவல் மேலோட்டமான தடவல் ஒன்றுதான். தொடைத்தசையைப் பிசைவதும் காலை மெல்ல மடக்கி நீட்டுவதும் அதற்குள் எப்படி அடங்கும்? பொதுப்பெயருக்கும் வகைப்பெயருக்கும் வேறுபாடு வேண்டாமா? தொக்கணத்தில் அந்த வேறுபாடு இருக்கிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து:
ஐயா சொல்வது சரிதான். சொல்லாட்சியில் தொக்கணமே நிறைவானது. ஆனால் இதைப் படிப்பவர் படித்த கையோடு நாயின் பக்கத்தில் உட்காரப்போகிறார். அவர் கை என்ன செய்யும் என்று யோசித்தேன். மருத்துவச் சொல்லைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் முதலில் தைலப் புட்டியைத்தான் தேடுவார்கள். நாய் அதை நக்கிவிடும். வலித்தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் நாய்க்கு நஞ்சு. ‘உருவு’ என்றால் சுளுக்கெடுப்பது போல அழுத்துவார்கள். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டிலும் கட்டியிலும் அப்படிக் கை வைக்கவே கூடாது. ‘நீவு’ என்று படித்தவர் உள்ளங்கையை விரித்து வைப்பார். பாதத்திலிருந்து மேல்நோக்கி மெல்லப் போவார். நாய் தலையைத் திருப்பினாலோ உடம்பை விறைத்தாலோ அந்தக் கை தானாக நின்றுவிடும். எனக்கு அது போதும்.

தலைப்பில் ‘நாய்களுக்கு உடல் நீவல்’ என்று நான்காம் வேற்றுமையை விரித்தே எழுதிவிட்டேன். அந்த முள்ளும் போனது. பிசைதலையும் மடக்கி நீட்டுதலையும் மருத்துவரே காட்டட்டும், அறிக்கையில் சேர்க்கவில்லை. நேற்றே அச்சுக்குக் கொடுத்தாயிற்று.

சிகாமட்டிலிருந்து:
நீவலுக்கே என் ஓட்டும். உருத் பற்றிய என் கருத்தை மட்டும் விடமாட்டேன்.

கூலிமிலிருந்து:
துண்டறிக்கைக்கு நீவல் இருக்கட்டும். நம் குழுவின் கலைச்சொல் பட்டியலில் மட்டும் ‘தொக்கணம்’ என்ற பதிவை நீக்க வேண்டாம். நாளைக்கு ஒரு பிள்ளை இந்தத் துறையைத் தமிழில் முழுப் பாடமாக எழுத உட்கார்ந்தால், 9 வகைக்கும் பெயர் தேடி இங்கேதான் வரும்.