அம்மாவின் சம்பளம் ஏறியது, ஆளைக் குறைத்துவிட்டார்கள்

கலா, ஈசூன்:
அம்மாவுக்கு 62 வயது. சிங்கப்பூரில் அலுவலகக் கட்டடம் ஒன்றில் முழுநேரத் துப்புரவு வேலை. துறைவாரியாக அட்டவணை போட்டு, குறைந்த சம்பளத்தை ஆண்டுதோறும் ஏற்றும் ‘படிப்படியாக உயரும் சம்பள முறை’யில் 2023 ஜூலையில் 1,570 வெள்ளியாக இருந்த அடிப்படைச் சம்பளம், 2025 ஜூலையில் 1,910 ஆனது. குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் வேலைநலன் துணை வருமானமும் வருகிறது. அதில் 40 விழுக்காடு ரொக்கம், மீதி மசேநிதிக்கு (மத்திய சேமநிதி, ஓய்வுக்காலச் சேமிப்பு) போய்விடும். மாதக் கடைசியில் யாரிடமும் கைமாற்று கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

ஆனால் சம்பளம் ஏறிய கையோடு, மாடிக்கு இருவர் என்றிருந்ததை ஒருவராக்கிவிட்டார்கள். கழிவறை, பேன்ட்ரி, குப்பைக்கூடை எல்லாவற்றுக்கும் அம்மா ஒரே ஆள். இரவு முட்டியில் தைலம் தேய்க்காமல் தூக்கம் வராது. சம்பளத்துக்கு விதி போட்டவர்கள் வேலைப்பளுவுக்கு ஏன் போடவில்லை? எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரே குறைந்தபட்சச் சம்பளம் இருந்தால் இப்படி ஆகுமா?

சேகர் (முன்னாள் துப்புரவு மேற்பார்வையாளர்):
அப்போதும் ஆளைக் குறைப்பார்கள் தங்கச்சி. இந்த முறையை விட்டுவிடாதீர்கள். அட்டவணைப்படி சம்பளம் தராத துப்புரவு நிறுவனத்துக்கு உரிமம் கிடைக்காது, உரிமம் இல்லாமல் தொழில் நடத்த முடியாது. 2014லிருந்து அந்தப் பிடி இருப்பதால்தான் சம்பளம் ஏறுகிறது. 2028ல் 2,420 வெள்ளி ஆக வேண்டும்.

கோளாறு டெண்டரில் இருக்கிறது. குறைந்த விலை கேட்பவருக்கே குத்தகை போகிறது. சம்பளத்தில் கைவைக்க முடியாது, அப்புறம் எதில் வைப்பார்கள்? ஆள் எண்ணிக்கையில்தான். சம்பளத்தில் ஏற்றிய தொகையில் 2025ல் 40 விழுக்காட்டையும் 2026ல் 20 விழுக்காட்டையும் அரசாங்கம் முதலாளிகளுக்குத் தருகிறது. அது நின்றபிறகு இந்த நெருக்கடி கூடும் என்றே நினைக்கிறேன். எத்தனை ஆள் என்று கேட்காமல் விலையை மட்டும் பார்க்கும் கட்டட நிர்வாகங்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

நூர்ஜஹான்:
இன்னொன்றையும் பேசுவோம். அந்த அட்டவணை சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். அதே மாடியில் அதே மாப்பைப் பிடிக்கும் வேலை அனுமதிக்காரருக்கு, அதாவது வெளிநாட்டு ஊழியருக்கு, இல்லை. வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி குறியீடு (0 என்றால் எல்லாருக்கும் சமம், 1ஐ நெருங்கினால் ஏற்றத்தாழ்வு அதிகம்) 2024ல் 0.435, வரியும் உதவித்தொகையும் கணக்கில் சேர்ந்தபின் 0.364 என்கிறார்கள். இறங்கியது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது இங்குள்ள குடிமக்கள், நிரந்தரவாசிக் குடும்பங்களின் கணக்கு. தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் அதில் இல்லவே இல்லை. ஏற்றத்தாழ்வைக் குறைப்பது என்றால் அவர்களையும் எண்ண வேண்டாமா?

கலா, ஈசூன்:
நூர்ஜஹான் அக்கா, சரியாகச் சொன்னீர்கள். அம்மாவோடு வேலை பார்த்து, மாற்றப்பட்டவரும் ஒரு வேலை அனுமதிக்காரர்தான். அவரை எங்கே அனுப்பினார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது.

சேகர் அண்ணே, அம்மா பெயரைப் போடாமல் கட்டட நிர்வாகத்துக்கு எழுதப்போகிறேன். மாடிக்கு இத்தனை ஆள் என்று குத்தகையிலேயே எழுதவைத்த கட்டடம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் அந்த வாசகத்தை இங்கே போடுங்கள், அப்படியே சேர்த்துவிடுகிறேன்.