கோவையில் எந்த உழவர் சந்தைக்குப் போகலாம்?

எல்லோருக்கும் வணக்கம்ங்க. போன மாதம்தான் மதுரையிலிருந்து கோவைக்குக் குடிவந்தோம், வீடு வீரகேரளம் பக்கம். 1999இல் முதல் உழவர் சந்தை திறந்த ஊர்க்காரி நான். அண்ணா நகர் சந்தையில் விடியற்காலையில் போய் வாங்கியே பழகிவிட்டது.

இங்கே தெருமுனைக் கடையில் வாங்கிய வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தேன். ஒடியவே இல்லை, கயிறு மாதிரி வளைந்தது. அரைக் கிலோவும் குப்பைக்குத்தான் போனது. தப்பு என் மேல்தான், வாங்கும்போதே ஒடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

வடவள்ளி சந்தை எங்களுக்குப் பக்கம். தொண்டாமுத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் அங்கே நேராகக் கொண்டுவருகிறார்களா? கீரையும் சின்ன வெங்காயமும்தான் எனக்கு முக்கியம். ஆர்.எஸ்.புரம் பெரிய சந்தை என்கிறார்கள், ஆனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா? சிங்காநல்லூர் எனக்கு ரொம்பத் தூரம், அது வேண்டாம்.

இன்னொரு சந்தேகம். பலகையில் எழுதிப் போடும் விலைக்கே கொடுக்கிறார்களா? வாங்கி விற்பவர்கள் கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? மதுரையில் விவசாயியின் அடையாள அட்டையைப் பார்ப்பேன். அப்புறம், ஒரே ஆள் ஊட்டி கேரட்டையும் முருங்கைக்காயையும் சேர்த்து விற்றால் கொஞ்சம் யோசிப்பேன். ரெண்டும் ஒரே தோட்டத்தில் விளையுமா என்ன!

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் போனால் நல்ல கீரை மிஞ்சியிருக்கும்? அடிக்கடி போகிறவர்கள் சொல்லுங்களேன்.