‘நோ கேரியர்’ என்பதற்குத் தமிழ்: ஊர்தியா, வரத்தா, நாடியா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

மாலையில் நாலைந்து பிள்ளைகளுக்கு லினக்ஸ் (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்) சொல்லிக்கொடுக்கிறேன். பாலக்காட்டு எல்லையில் பள்ளிக்கூடக் கணினிகளில் லினக்ஸ்தான் ஓடுகிறது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஐ.டி. பாடநூலும் தமிழில் உண்டு. அதனால் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைக் கண்டு யாரும் மிரளுவதில்லை. அதில் வரும் சொற்கள்தான் மிரட்டுகின்றன.

போன வாரம் ஒரு பையன் வீட்டில் இணையம் வரவில்லை. கேபிள் செருகவில்லை என்று திரை சொல்கிறது, கேபிளோ கண்ணெதிரே செருகியிருக்கிறது. மூன்று தடவை பிடுங்கிச் செருகினான், ரவுட்டரை அணைத்துப் போட்டான், ஐபி முகவரியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தான். ‘ஐபி லிங்க்’ கட்டளை கொடுத்தால் ஒரே இடைமுகத்துக்கு (கேபிள் செருகும் வலை வாசலுக்கு) ‘நோ கேரியர்’, ‘அப்’, ‘ஸ்டேட் டவுன்’ மூன்றும் வருகின்றன. “அண்ணா, அப்புனும் இருக்கு, டவுனுனும் இருக்கு, எதை நம்பறது?” என்றான். கேரியர் என்றால் அவனுக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி.

சரியான கேள்விதான். ‘அப்’ என்றால் அந்த இடைமுகத்தை நாம் இயக்கி வைத்திருக்கிறோம். ‘நோ கேரியர்’ என்றால் மறுமுனையிலிருந்து கம்பி வழியாக உருப்படியான சிக்னல் எதுவும் எட்டவில்லை, ‘ஸ்டேட் டவுன்’ அதன் விளைவு. ‘அப்’பை ஒரு கட்டளையில் மாற்றலாம். ‘நோ கேரியரு’க்கு எழுந்து போய்க் கேபிளைப் பார்க்க வேண்டும். போய்ப் பார்த்தோம். பரண் மேல் எலி கடித்திருந்தது.

இதைக் குறிப்பேட்டில் எழுத ஒரு சொல் வேண்டும். மின்னஞ்சலோடு போகும் கோப்பும் இணைப்பு, இணையமும் இணைப்பு என்றிருக்க, இதையும் ‘இணைப்பு இல்லை’ என்று எழுத மனம் வரவில்லை. ‘தொடுப்பு இல்லை’ என்று எழுதினால் பெரியவர்கள் வேறு அர்த்தத்தில் சிரிப்பார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:

‘கேரியர் வேவ்’ என்பதை இயற்பியலில் ‘ஊர்தி அலை’ என்று படித்தோமே. ‘ஊர்தி இல்லை’ என்றே எழுதலாம். இருக்கும் சொல்லை விட்டுப் புதிதாகத் தேடுவானேன்?

சித்தூரிலிருந்து:

பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல. ‘ஊர்தி இல்லை’ என்றால் பஸ் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நான் விவசாயி வீட்டுப் பிள்ளை, எனக்குத் தோன்றுவது ‘வரத்து’. பரம்பிக்குளம் – ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. எங்களுக்கு வர வேண்டும். இங்கே மதகைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்போம். மேலே விட்டால்தானே தண்ணீர்? மதகு திறப்பு, வரத்து இல்லை. அந்தப் பையன் கேட்ட இரண்டும் இதில் வந்துவிட்டன.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பொள்ளாச்சி அண்ணா, ‘ஊர்தி’யில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. கணினியை வலையில் கோக்கும் ஈதர்நெட் கேபிளில் ஊர்தி அலையே கிடையாது. அதன் ஒரு வகையின் பெயரான 100பேஸ்-டி என்பதில் உள்ள ‘பேஸ்’ அதைத்தான் சொல்கிறது: வேறொரு அலையின் மேல் ஏற்றாமல் சிக்னலை நேராகவே அனுப்புகிறார்கள். 1971-ல் ஹவாயில் ஓடத் தொடங்கிய அலோஹா என்ற கணினி வலை வானொலியில் நடந்தது, அங்கே ஊர்தி அலை உண்டு. அந்த யோசனையைப் பார்த்து 1973-ல் ஈதர்நெட்டைக் கம்பியில் கட்டியபோது பழைய சொல்லும் கூடவே வந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட பழைய தூசியை நாம் ஏன் தமிழில் பெயர்க்க வேண்டும்?

‘வரத்து’ எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு நாள் அதையே எழுதி வைத்திருந்தேன். அப்புறம்தான் இடித்தது. ஒரு பாக்கெட்கூட (தரவுப் பொட்டலம்) வராமல் சும்மா கிடக்கும் கம்பியிலும் கேரியர் இருக்கும். தண்ணீரே ஓடாதபோது வரத்து உண்டு என்று எழுத முடியுமா?

சும்மா கிடக்கும் கம்பியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் அங்கேயே இருக்கிறது. 10 மெகாபிட் ஈதர்நெட்டில் பேச எதுவும் இல்லாதபோதும் சுமார் 16 மில்லிவினாடிக்கு ஒரு துடிப்பு போகும், ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று. அதன் பெயரே லிங்க் பல்ஸ். பல்ஸ் என்றால் நமக்கு நாடி. 100 மெகாபிட்டில், இரண்டு முனைகளும் வேகத்தை ஒத்துக்கொள்ளும்வரை இதே துடிப்புகள் கொத்துக் கொத்தாகப் போகும். அதன்பிறகு இடைவிடாத சிக்னல்.

ஆகவே ‘நாடி இல்லை’. எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளத்திலும் நாடிதான், பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். இன்னொன்று: ஒவ்வோர் இடைமுகத்துக்கும் லினக்ஸ் ‘கேரியர்’ என்றே ஒரு கோப்பு வைத்திருக்கிறது. திறந்தால் உள்ளே 1 அல்லது 0. இடைமுகத்தையே நாம் அணைத்து வைத்திருந்தால் 0-கூட வராது, பிழைதான் வரும். கையை நீட்டாதவருக்கு வைத்தியர் நாடி பார்ப்பது எப்படி?

நாகர்கோவிலிலிருந்து:

எங்கள் ஊரில் நாடி என்றால் மோவாய். ‘நாடி இல்லை’ என்று கணினி சொன்னால் என் வகுப்பு முழுக்கத் தங்கள் முகத்தைத் தடவிப் பார்க்கும். சரி, அது போகட்டும், நாடி பிடித்துப் பார்ப்பது எங்களுக்கும் தெரியும். கேட்க வந்தது வேறு. இங்கே ஒரு கணினியில் நாடி இருக்கிறது, ஆனால் 1000 மெகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 தான் ஓடுகிறது. அதற்கு ‘நாடித் தளர்ச்சி’ என்று வைக்கலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வேண்டாம் டீச்சர். ‘வேகம் 100’ என்று எழுதினால் போதும், அதற்கெல்லாம் சொல் படைக்கத் தேவையில்லை. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். 100-க்கு நான்கு கம்பி போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் சில நெட்வொர்க் அட்டைகள் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும், சிலவற்றில் நாடியே கிடைக்காது.

குறிப்பேட்டில் இப்போதைக்கு இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘அப்’ என்பதற்குத் திறப்பு, ‘நோ கேரியர்’ என்பதற்கு நாடி இல்லை. சித்தூர்க்காரரின் ‘வரத்து’ வீணாகவில்லை. வந்த பாக்கெட் கணக்குக்கு வரத்து, அனுப்பிய கணக்குக்குப் போக்கு. ‘ஸ்டேட் டவுன்’ மட்டும் இன்னும் ஆங்கிலத்திலேயே கிடக்கிறது. ‘நிலை: கீழே’ என்று மட்டும் யாரும் எழுதி அனுப்பிவிடாதீர்கள்.