முட்டை அலர்ஜி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: உகாண்டா போக வழி உண்டா?

வடக்கு உகாண்டாவில் குலு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்று மாதம் தன்னார்வலராகக் கணக்குச் சொல்லித்தரப் போகிறேன். ஊர் மதுரை. சென்னையிலிருந்து துபாய் வழியாக என்டெபேக்கு டிக்கெட் போட்டாச்சு, கிளம்ப இன்னும் 24 நாள்தான்.

சிக்கல் இதுதான். உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். அந்த மருந்தைக் கோழிக் கருமுட்டையில் வளர்க்கிறார்கள். எனக்கோ சின்ன வயதிலிருந்தே முட்டை ஆகாது. கேக் ஒரு வாய் சாப்பிட்டாலே உதடு வீங்கி மூச்சு இழுக்கும்.

தடுப்பூசி மையத்தில் இதைச் சொன்னதும் போட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அலர்ஜி மருத்துவரிடம் போனேன். தோல் பரிசோதனையிலும் பாசிட்டிவ். ஊசி வேண்டாம் என்று விலக்குக் கடிதம் தந்திருக்கிறார், முத்திரையோடு. விமான நிறுவனத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். ஒருவர் கடிதம் போதும் என்றார், இன்னொருவர் ஏற்றவே மாட்டோம் என்றார். இணைய விசா விண்ணப்பத்திலும் சான்றிதழைப் பதிவேற்றச் சொல்கிறது, அதனால் இன்னும் அனுப்பவில்லை. மலேரியா மாத்திரை, டைபாய்டு ஊசியெல்லாம் முடிந்தது.

திரும்பி வரும்போதும் ஒரு பயம். சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம் என்பது விதி.

விலக்குக் கடிதத்தை மட்டும் வைத்து உகாண்டா போய்த் திரும்பியவர்கள் யாராவது இருந்தால், இரண்டு பக்கமும் என்ன நடந்தது என்று சொல்ல முடியுமா?