பெர்லினில் எங்கள் கட்டடம் மட்டும் ஸ்ட்ரீட் வியூவில் மங்கலாகத் தெரிவது ஏன்?

வாடகைவாசி:
பெர்லினில் நான் குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தை ஊரிலிருக்கும் அம்மாவுக்குக் காட்டலாம் என்று, தெருக்களைப் படங்களாகக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்தேன். பக்கத்து பேக்கரியின் வாசலில் வைத்த விலைப்பலகை வரை தெரிகிறது. எங்கள் கட்டடம் மட்டும் நீராவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல் தரையிலிருந்து கூரைவரை மங்கிக் கிடக்கிறது. இதைச் செய்தது யார்? நான் கேட்டால் நீக்குவார்களா?

முகிலன்:
அங்கே குடியிருக்கும் யாரோ ஒருவர் விண்ணப்பித்திருப்பார். ஜெர்மனியில் உரிமையாளர் மட்டுமன்றி வாடகைக்கு இருப்பவரும் கோரலாம். ஒருவர் கேட்டாலே கட்டடம் முழுவதும் மறைக்கப்பட்டுவிடும். மறைத்ததை மீட்க முடியாது என்று கூகுளே முன்கூட்டி எச்சரிக்கிறது. மற்றவர்களைக் கேட்காமல் ஒருவர் எடுக்கும் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செந்தாமரை:
வீட்டை மறைக்கக் கேட்டவர்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் துருவிக் கேட்ட பின்னர்தான், படமெடுக்கும் கார்கள் பூட்டப்படாத வைஃபை இணைப்புகளில் ஓடிய தகவல்களையும் சேர்த்துப் பதிந்தன என்பதை 2010 மே மாதத்தில் கூகுள் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் 20 நகரங்களின் படங்கள் வெளியாவதற்குள் ஏறத்தாழ 2,44,000 குடும்பங்கள் மறுப்புத் தெரிவித்திருந்தன. எஸன் நகரில் மறைக்கப்பட்ட வீடுகளைத் தேடிப்போய்ச் சிலர் முட்டை எறிந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மறைத்ததே அவ்வீடுகளை அடையாளம் காட்டிவிட்டது!

முகிலன்:
ஆனால் அந்தப் பழைய மறுப்புகள் இப்போது செல்லாது. 2023 ஜூலையில் புதிய படங்கள் ஏற்றப்பட்டபோது பழைய படங்கள் நீக்கப்பட்டன. மறைக்க விரும்பியவர்கள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் கட்டடத்துக்கான கோரிக்கை 2010-ஐச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பில்லை. ஆப்பிள் வரைபடத்தில் இதேபோல் தெருக்களைக் காட்டும் லுக் அரவுண்டில் மறைப்பதற்குத் தனியே கோர வேண்டும் என்பதால் அங்கே தேடிப் பாருங்கள்.

வாடகைவாசி:
பார்த்தேன், தெளிவாகவே தெரிகிறது. என் சன்னலை மட்டும் தெருவோரத்து எலுமிச்சை நிறக் குப்பை லாரி ஒன்று பாதி மறைத்திருக்கிறது. அம்மாவுக்கு அதுவே போதுமாம்.